சோபா எழுந்து நின்ற சனிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியாக ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு டைம்கீப்பர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். நாளையோடு இந்த வீட்டில் யோகாவுக்கு மங்களம் பாடிவிடுவது.

மணியை இவ்வளவு கறாராகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். மனிதருக்கு பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று இருபத்தாறு வருஷமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிஷம் பிந்தினால் போதும், டிரைவரை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமல் விடமாட்டார். அவர் விசிலைக் கேட்டால் ஆறடி டிரைவர்கள்கூட டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வீட்டில் அதே விசிலுக்குப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. சனிக்கிழமை. அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, ஹாலில் இருக்கிற நீள சோபாவில் காலை நீட்டி, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. பட்டுச் சட்டை வேண்டாம், பட்டம் பதவி வேண்டாம், அந்த இரண்டரை மணி நேரம் போதும். அதற்குத்தான் மூன்று வாரமாக ஆப்பு விழுந்திருந்தது.

ஆப்பு வைத்தது வேறு யாருமில்லை, வீட்டம்மாதான். அம்மா குழந்தைகளுக்கு யோகா சொல்லிக்கொடுப்பவர். இல்லை, அதற்கும் ஒரு படி மேலே. பள்ளிக்கூடங்களில் போய்க் குழந்தைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்கப் போகிற இளவட்டங்களுக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். இந்தத் தடவை ஆறு பேர். வழக்கமாக வகுப்பு நடக்கிற பொது மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். "மூணே மூணு வாரம். நம்ம ஹால்ல நடத்திக்கிறேனே" என்று அம்மா கேட்டபோது டைம்கீப்பர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான ஆண்பிள்ளைகள் இந்த "ம்" விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

ஆறு பாய் விரிக்க ஹாலில் இடம் வேண்டும். சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளப் பார்த்தார்கள், வாசற்படியில் நுழையவில்லை. கடைசியில் கீழ்வீட்டு டெய்லரும், பயிற்சிக்கு வந்த ஒட்டடைக்குச்சி என்கிற நெட்டைப் பையனும் சேர்ந்து அதை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். அங்கே படுக்க வைக்க இடமில்லை.

"சோபாவ உக்காரத்தானே வாங்கினோம்? அது ஏம்மா நிக்குது?"

"அதுவும் ஒரு ஆசனம்தாங்க."

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

"சனிக்கிழமை காலைல யாராச்சும் படுப்பாங்களா? ஒரு நடை நடந்துட்டு வாங்க, தொப்பை குறையும்."

நடந்தார். கட்டில் முழுக்கப் பயிற்சிக்கு வந்தவர்களின் பைகள் கிடந்ததால், முதல் சனிக்கிழமை பூங்காவைச் சுற்றினார். இரண்டாம் சனிக்கிழமை கால் தன்னால் டிப்போவுக்குப் போய்விட்டது. லீவு நாளில் வந்து நின்றவரைப் பார்த்து டிரைவர்கள், "வீட்ல சண்டையா சார்?" என்று குசலம் விசாரித்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கி, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தோளில் சாய்ந்துவிட்டார். அவர் எழுந்து போகிறபோது இவர் பொத்தென்று விழுந்தார். அதோடு மூன்று வாரம் முடிந்தது, ஆனால் மண்டபத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று தகவல் வந்தது.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சமையலறையில் அம்மா போனில் பேசுவது இவர் காதில் விழுந்தது. தானாக விழவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று விழவைத்துக்கொண்டார்.

"ஆமா, நாளைக்கு மேற்பார்வைக்கு அந்த மேடம் வர்றாங்க. அவங்க பார்த்து சரின்னாதான் ஆறு பேருக்கும் சர்டிபிகேட். வகுப்பு அமைதியா நடக்கணும், அவ்வளவுதான் என் கவலை. யாராச்சும் ஒருத்தர் கலாட்டா பண்ணினாப் போதும், வீட்ல நடத்துறதே தப்புன்னு சொல்லி அன்னிக்கே நிறுத்திடுவாங்க. நல்ல வேளை, எங்க வீட்ல கலாட்டா பண்ண யார் இருக்கா?"

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பன்னிரண்டு. முடிவு எடுத்தாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கீழ்வீட்டு டெய்லரிடம் இறங்கினார்.

டெய்லர் கழுத்தில் டேப்பும் வாயில் இரண்டு குண்டூசியுமாக ஒரு காலருக்குக் கஞ்சி போட்ட துணி வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குண்டூசிகளை எடுத்தார்.

"கலாட்டா பண்ணணும், அவ்வளவுதானே? மெயின் ஸ்விட்ச்ச அணைச்சுடுங்க."

"யோகாவுக்கு எதுக்கய்யா கரண்ட்?"

"நான் வேணா நாலு மிஷினையும் ஒண்ணா ஓட்டட்டுமா?"

"மூணு வாரமா ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க. 'கண்ண மூடுங்க, மழை பெய்யுது'ன்னு சொல்லி அதை வச்சே மூச்சுப் பயிற்சி பண்றாங்க."

டெய்லர் காலரைத் திருப்பிப் போட்டு ஒரு வெட்டு வெட்டினார்.

"அந்த வகுப்பு எப்படி சார் நடக்குது? நெஜக் குழந்தைங்க வர்றாங்களா?"

"எங்க வர்றது! ஒருத்தர் டீச்சர். பாக்கி அஞ்சு பேரும் குழந்தையா நடிக்கணும். கழுதை வயசாச்சு, தவளை மாதிரி குதிக்குதுங்க."

"அப்ப நீங்களும் ஒரு குழந்தையா உள்ள புகுந்துடுங்க. வெளியிலேர்ந்து பண்ணினாத்தான் கலாட்டா. உள்ள இருந்து பண்ணினா குழந்தைத்தனம். உங்க மேல யாரு பழி போட முடியும்?"

டைம்கீப்பருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. டெய்லரின் தோளைத் தட்டி, "உங்க மூளைக்கு நீங்க காலர் வெட்டிக்கிட்டு இருக்க வேண்டியவரே இல்ல" என்றார். டெய்லர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாடி ஏறி வந்தால் அங்கே அதிர்ஷ்டம் வாசலிலேயே காத்திருந்தது. அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

"ஒட்டடைக்குச்சிக்குக் காய்ச்சலாம். நாளைக்கு ஒரு குழந்தை குறையுது. நாலு குழந்தைய வச்சு மேடம் முன்னாடி எப்படி நடத்துறது?"

"நான் இருக்கேனே!"

"நீங்களா? ஐயோ, வேணாங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு சேட்டை பண்ணவும் தெரியாது, ஓடியாடவும் தெரியாது. சரி, ஒரு மூலையில சும்மா உக்காந்திருந்தாப் போதும். ஒரு சத்தம் வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"மூச்சுகூட விடமாட்டேன்" என்றார் டைம்கீப்பர். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, இருமல் மாதிரி மாற்றி விழுங்கினார்.

தொழில் தெரிந்தவர் எதையும் குத்துமதிப்பாகச் செய்யமாட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டிப்போ டைம் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் மறுநாள் சேட்டைகளுக்குக் கால அட்டவணை போட்டார். 9.05: தண்ணீர் தாகம். 9.08: ஏன், எதற்கு என்று கேள்வி. 9.12: பக்கத்துப் பாயை இழுத்தல். 9.15: விசில். அதற்கு மேல் எழுதவில்லை. ஒன்பதேகாலுக்கு வகுப்பே இருக்காது என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை மேடம் வந்தார். கனமான கண்ணாடி, கையில் தடித்த நோட்டு. சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்துவிட்டு, "ஆரம்பிங்க" என்றார். ஹாலில் ஆறு பாய். ஆறாவது பாயில், அரை டிராயரும் பனியனுமாக, ஐம்பத்திரண்டு வயதுக் குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு டீச்சர் முறை கீச்சுக்குரலுக்கு. இருபது வயசுப் பெண். கீச்சென்று மெலிந்த குரல், அவள் பேசுவது அவளுக்கே முழுதாகக் கேட்காது, அதனால்தான் அந்தப் பெயர். ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. இந்த சர்டிபிகேட் கிடைத்தால் திங்கட்கிழமை போய்ச் சேரலாம். ரப்பர் வாத்து பொம்மை ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் டைம்கீப்பருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பால்கனிப் பக்கம் திரும்பினார். சோபா நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. பாவம் போய்விட்டது.

"குழந்தைகளா, எல்லாரும் மரம் மாதிரி நிக்கலாமா?"

நான்கு குழந்தைகள் டக்கென்று ஒற்றைக் காலில் நின்றன. மணி 9.05.

"எனக்குத் தண்ணி வேணும்."

கீச்சுக்குரல் விழித்தாள். "சரி கண்ணா. எல்லாருக்கும்தான் தாகமா இருக்கும். பூனைக்குட்டி மாதிரி நடந்து போய் ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு வரலாமா?"

டிப்போவே நடுங்குகிற ஆளைப் பிடித்து, கண்ணா! அவர் நிமிர்ந்து முறைப்பதற்குள் மற்ற நாலும் மியாவ் என்று சமையலறைக்குத் தவழ்ந்தன. இவரும் போகவேண்டியதாயிற்று. முழங்கால் மளுக் மளுக்கென்றது.

9.08. "மரம் ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"

"நல்ல கேள்வி கண்ணா. நீயே ஒத்தக் கால்ல நின்னு பார்த்து, ஏன்னு எங்களுக்குச் சொல்லு."

நின்று பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை. இரண்டு தடவை சுவரைப் பிடித்தார். அட்டவணை இரண்டு நிமிஷம் பிந்தியது, அவருக்கே பொறுக்கவில்லை.

9.14. பக்கத்துப் பாயை ஒரே இழுப்பு. அதில் ஒற்றைக் காலில் நின்ற பையன் தொம்மென்று விழுந்தான். மேடத்தின் பேனா விறுவிறுவென்று ஓடியது. ஆஹா, எழுது தாயே, எழுது என்று டைம்கீப்பர் மனசுக்குள் கைதட்டினார். விழுந்த பையன் நெளிந்துகொண்டே எழுந்தான். கீச்சுக்குரலுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி தாமதிக்கக்கூடாது. டைம்கீப்பர் பனியனுக்குள்ளிருந்து விசிலை எடுத்து, ஒரு எக்ஸ்பிரஸ் பஸ்ஸை நிறுத்துகிற அளவுக்கு ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நான் மரம் இல்ல! நான் பஸ்!"

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று டைம்கீப்பர் பால்கனிப் பக்கம் ஒரு காதல் பார்வை பார்த்தார். அப்போது கீச்சுக்குரல் வந்து அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸா? எந்த பஸ் கண்ணா?"

இது அட்டவணையில் இல்லாத ட்ரிப். "பதினேழாம் நம்பர்" என்றார், வாயில் வந்ததை.

"எங்க போகுது?"

"எங்கயும் போகல. டிப்போல நிக்குது."

"ஏன் நிக்குது?"

அவர் ஏதோ எகத்தாளமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "அதுக்கு ரொம்பக் களைப்பா இருக்கு" என்றார். மூன்று வாரத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"அப்படின்னா நாம எல்லாருமே பஸ்" என்று கீச்சுக்குரல் எழுந்தாள். அவள் குரல் இப்போது ஹாலின் நாலு மூலைக்கும் கேட்டது. "மூச்ச இழுத்தா பஸ் டிப்போவுக்குள்ள வருது. மெதுவா விட்டா வெளிய போகுது. ஆனா நேரம் பார்க்க ஒரு ஆள் வேணுமே? பதினேழாம் நம்பர்தான் நேரம் சொல்லணும். விசில மட்டும் ரொம்ப மெதுவா ஊதணும், சரியா?"

நேரம் சொல்லணும் என்று கேட்டால் டைம்கீப்பர் என்ன செய்வார்? இருபத்தாறு வருஷப் பழக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "உள்ள வர நாலு, வெளிய போக ஆறு" என்று தானே அட்டவணை போட்டார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. எல்லா வண்டியும் உள்ள வந்தாச்சா? மூணாம் பாய், ரெண்டு செகண்டு லேட்டு! ம், கெளம்பலாம். ஒண்ணு... ரெண்டு..." பத்து ட்ரிப் அடித்தார்கள். ஒரு வண்டிகூடப் பிந்தவில்லை. எதற்காக வந்தோம் என்பதை மனிதர் சுத்தமாக மறந்துவிட்டார்.

"ட்ரிப் எல்லாம் முடிஞ்சுது. இப்ப எல்லா பஸ்ஸும் படுத்துக்கலாம்" என்று கீச்சுக்குரல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மல்லாந்து படுத்தவரின் வயிற்றில் ரப்பர் வாத்தை வைத்தாள். "வாத்து கீழ விழாம மேல போய் மெதுவா இறங்கணும். பார்ப்போம்."

வாத்து மேலே போனது. இறங்கியது. கீழே டெய்லரின் மிஷின் மழை மாதிரி பெய்துகொண்டிருந்தது. மூன்று வாரத் தூக்கம் மொத்தமாக வந்து டைம்கீப்பரைத் தூக்கிக்கொண்டு போனது.

கண் விழித்தபோது மணி பதினொன்றரை. மேடத்தைக் காணோம். வாத்து மட்டும் வயிற்றில் அப்படியே இருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. கீச்சுக்குரல் ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சார்! எல்லாருமே பாஸ் சார்! நீங்க நடிக்கிற மாதிரியே தெரியல சார். நெஜமாவே நல்லாக் கெடுத்தீங்க!"

டைம்கீப்பர் மலங்க மலங்க விழித்தார். அம்மா டீ டம்ளரை நீட்டினார்.

"மேடம் போன வாரமே ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பிள்ளைங்க மூச்சுப் பயிற்சி பண்ணிப் பண்ணிச் சாதுவாயிடுச்சு, ஒண்ணுக்கும் சேட்டை பண்ண வரல. ஒரு அடங்காத குழந்தைய சமாளிச்சுக் காட்டினாத்தான் சர்டிபிகேட்டுன்னுட்டாங்க. இப்ப பாருங்க, அடங்காதத தூங்கவே வச்சாச்சுன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

"அமைதியா நடக்கணும்னுதானே நீ போன்ல சொன்ன?"

"போன்ல பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டைம்கீப்பர் டீயைக் குடித்தார். அந்த நேரம் பார்த்து ஒட்டடைக்குச்சி சமையலறையிலிருந்து பிஸ்கட் கடித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"உனக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே?"

"விட்டுடுச்சு சார்" என்றான் அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

எது எப்படியோ, டைம்கீப்பருக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம் அன்று சாயங்காலம் வந்தது. மண்டபத்தில் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு அங்கேதான். டெய்லரும் ஒட்டடைக்குச்சியும் சோபாவை பால்கனியிலிருந்து தூக்கி வந்து அதன் பழைய இடத்தில் படுக்க வைத்தார்கள். வாரம் முழுக்க டைம்கீப்பர் டிப்போவில் யாரையும் திட்டவில்லை. ஒரு டிரைவர் ஆறு நிமிஷம் பிந்தி வந்து, வசவு கிடைக்காமல், ஏமாந்து போனான்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. எட்டு ஐம்பது. டைம்கீப்பர் பேப்பரும் கையுமாக சோபாவின் ஓரத்தில் வந்து நின்றார். அம்மா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பாய்.

"இன்னும் டிராயர் மாத்தலயா நீங்க?"

"எதுக்கு?"

"புது பேட்ச் இன்னிக்கு ஆரம்பம். பதினாலு பேர். ஒவ்வொருத்தரும் உங்களத் தனித்தனியா ஒரு நாள் சமாளிக்கணும். மேடம் எழுதியே குடுத்துட்டாங்க, இப்படி ஒரு குழந்தை வேற எந்த வகுப்புலயும் கிடைக்காதாம்."

"அதெல்லாம் முடியாது! நான் என்ன சின்னக் குழந்தையா?"

"சரி, வர இஷ்டமில்லேன்னா ஒண்ணும் கட்டாயம் இல்லீங்க. நீங்களே மேடத்துக்கு ஒரு போன் பண்ணி, அன்னிக்கு நான் நடிக்கல, வகுப்பக் கெடுக்கணும்னே வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நம்பர் தரட்டுமா?"

டைம்கீப்பர் பேப்பரை சோபாவில் வைத்தார். உள்ளே போய் டிராயரை மாட்டிக்கொண்டு வந்தார். பதினாலு வாரம். எப்படியும் கடைசியில் வாத்தை வயிற்றில் வைத்துப் படுக்கத்தானே விடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பாயைக் கக்கத்தில் இடுக்கினார். கதவைத் திறந்தால் வாசலில் டெய்லர். கழுத்தில் டேப் இல்லை. கையில் ஒரு தலையணை இருந்தது.

"என்ன டெய்லர், இந்த நேரத்துல?"

"அம்மா சொல்லலயா சார்? அன்னிக்கு வெள்ளிக்கிழமை அவங்க என்கிட்ட போன்ல பேசினப்பவே முடிவானதுதான். குழந்தையா உள்ள புகுற அந்த யோசனைய உங்களுக்குச் சொல்லிட்டா, இனிமே சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் சோபா எனக்கு."

டெய்லர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். சோபாவில் காலை நீட்டினார். அங்கே கிடந்த பேப்பரை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். பேப்பருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"கதவ மெதுவா சாத்திட்டுப் போங்க சார். எனக்குச் சட்டுனு தூக்கம் கலைஞ்சிடும்."